எட்டடிச் சாய்தளம் போதுமா?

பள்ளிக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். தலைமையாசிரியர்கள், பெற்றோர்கள், ஒரு கொத்தனார், ஒரு மாணவர் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அரசுக் கட்டடப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தம்பிக்குக் குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம். ஐந்தாம் வகுப்பு வரை அம்மா இடுப்பில் சுமந்துகொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். அதற்கு மேல் படிக்க வேண்டிய பள்ளியின் வாசலில் ஏழு படிகள் இருந்தன. அவனுடைய படிப்பு அந்தப் படிகளுக்குக் கீழேயே நின்றுபோனது. அதனால் இந்த விஷயத்தில் என் பதில்கள் நீளமாகவும் கொஞ்சம் சூடாகவும் இருக்கும்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வராந்தா தரையிலிருந்து 2 அடி உயரம், 50 அடி நீளம். படிகள் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன. வராந்தாவுக்கு எதிரே கொடிக்கம்பம் வரை 12 அடிதான் இடம். "8 அடி நீளத்தில் சாய்தளம் போட்டுவிடலாம், அது போதும்" என்கிறார் ஒப்பந்ததாரர். ஒப்புக்கொள்ளலாமா?
— தலைமையாசிரியை, தருமபுரி மாவட்டம்

ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் கட்டித் தரப்போவது சறுக்குமரம்.

ஓர் அடி உயரம் ஏற, குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். 1:12 என்று வரைபடங்களில் எழுதுவது இதைத்தான். இது தாராளமான அளவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதற்கு மேல் செங்குத்தாகப் போகவே கூடாது என்ற எல்லை இது. உங்கள் வராந்தா 2 அடி என்பதால் 24 அடி நீளம் கட்டாயம். 8 அடியில் போட்டால் சரிவு 1:4 ஆகிவிடும்.

அந்தச் சிறுமியின் கைகளை நினைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பாருங்கள். அவள் எடை 25 கிலோ, நாற்காலியின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சரிவில் தன்னைத் தானே மேலே தள்ள அவளுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேலான விசை போதும். 1:4 சரிவில் கிட்டத்தட்ட 10 கிலோ வேண்டும், அதாவது தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. மூளை முடக்குவாதத்தால் இறுகிய கைகளுக்கு அது நடக்காத காரியம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் ஆபத்து குறையாது. அவ்வளவு செங்குத்தில் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது தள்ளுகிறவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும்.

இடம் இல்லை என்கிறீர்கள். கொடிக்கம்பத்தை நோக்கிப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. சாய்தளம் வாசலிலிருந்து நேர் எதிராகத்தான் இறங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வராந்தாச் சுவரை ஒட்டியே, மேற்கிலிருந்து கிழக்காக ஏறும்படி போடுங்கள். மேற்கு ஓரத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம், அங்கிருந்து ஏற்றம், மேலே படிகளுக்குப் பக்கத்தில் மறுபடியும் 5 அடிக்கு 5 அடி சமதளம். அந்த இடத்தில் வராந்தாவின் கைப்பிடிச் சுவரை 4 அடி அகலத்துக்கு உடைத்து வழி விடுங்கள். 24 அடியோடு இரண்டு சமதளங்களையும் சேர்த்தால் 34 அடி. உங்களிடம் 50 அடி இருக்கிறது. படிகளுக்கு 8 அடி போனாலும் மீதம் இருக்கும்போது 24 அடியோடு ஏன் நிற்க வேண்டும்? ஏற்றத்தை 30 அடிக்கு நீட்டுங்கள். சரிவு 1:15 ஆகிவிடும். ஒன்பது வயதுக் கைகளுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

சாய்தளத்தின் உள்ளகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. திறந்த பக்கத்தில் 4 அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்புத் திண்டு கட்டுங்கள். சக்கரம் ஓரம் போனாலும் கீழே விழாது. எல்லாம் சேர்ந்து 5 அடிக்குச் சற்று மேல் வரும். கொடிக்கம்பம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிடுவார்கள். வராந்தாக் கூரையின் ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் நேராக இந்தச் சாய்தளத்தின் மேல்தான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பாசி பிடித்துவிடும். கூரை ஓரம் முழுவதும் தண்ணீரை வாங்கி ஓரமாகக் கொண்டுபோக ஓர் அரைக்குழாய் கட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 4 அடி நீளமுள்ள நேரான கட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல்முனையைச் சாய்தளத்தின் மீது ஊன்றுங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்துக் கட்டையைச் சமமாக்குங்கள். கீழ்முனைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளி 4 அங்குலம் என்றால் சரிவு 1:12. 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். 1:15 என்றால் மூன்றேகால் அங்குலம் வரும். இதைச் சாய்தளத்தின் அடியில், நடுவில், உச்சியில் என்று வெவ்வேறு இடங்களில் செய்து பாருங்கள். ஆரம்பத்தில் படுத்துக் கிடந்து கடைசி நான்கடியில் நிமிர்ந்து நிற்கும் சாய்தளங்கள் நம் பள்ளிகளில் நிறைய உண்டு.

நான் பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது காரின் பின்பக்கம் ஒரு சக்கர நாற்காலி இருக்கும். "போதும்" என்று சொல்லும் ஒப்பந்ததாரரை அதில் உட்காரச் சொல்லி, யாரும் தள்ளாமல் ஏறிக் காட்டும்படி கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு விவாதம் இருக்காது.

நான் கொத்தனார். பள்ளியில் சாய்தளம் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. பார்வையாக இருக்க வேண்டும், டைல்ஸ் ஒட்டுங்கள் என்கிறார்கள். வண்டி ஏற்றும் தளத்துக்குப் போடுவதுபோல் ஆழமாக வரி போடலாமா என்று நான் யோசிக்கிறேன். எது நல்லது?
— வாசகர், சிவகங்கை

இரண்டும் வேண்டாம். வழவழப்பான டைல்ஸ் முதல் தூறலிலேயே வழுக்கும். ஊன்றுகோலோடு நடக்கிற பிள்ளைகளும் இந்த வழியில்தான் வருவார்கள் என்பதை மறக்காதீர்கள். ஆழமான வரி மோட்டார் சைக்கிள் டயருக்குச் சரி. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஒவ்வொரு வரியிலும் தட்டும். தசைகள் இறுகியிருக்கும் குழந்தைக்கு அந்த அதிர்ச்சி முதுகு வரை போகும்.

கான்கிரீட்டைத் தேய்த்து முடித்து, அது இறுகுவதற்கு முன்னால், ஈர்க்குமாற்றால் குறுக்குவாட்டில் மெல்ல இழுத்து விடுங்கள். ஏறும் திசைக்குக் குறுக்கே கோடுகள் விழ வேண்டும். அந்தச் சொரசொரப்பு போதும். பால் சிமென்ட் பூசி மினுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சாய்தளம் கெட்டுப்போவது மேலே இருக்கும் பூச்சால் அல்ல, உள்ளே இருக்கும் மண்ணால். பக்கச்சுவர் இரண்டையும் கட்டி, நடுவில் கிடைத்த மண்ணையும் உடைந்த செங்கல்லையும் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் உள்மண் அமுங்கி, தளம் விரிசல் விடுகிறது. வராந்தாவும் சாய்தளமும் சேரும் இடத்தில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளவு வருகிறது. சக்கரம் மாட்டிக்கொள்வது அங்கேதான். கிராவலை 6 அங்குலக் கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போடுங்கள். கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் முன்கூட்டியே பேசி வாங்குங்கள். இந்த வேலையைக் குறைக்காதீர்கள்.

நீராற்றுவதிலும் கவனம் வேண்டும். மொட்டைமாடிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறீர்கள். சரிவில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போனால் பத்து மணி வெயிலில் காய்ந்துவிடும். சாக்கு விரித்து, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள்.

அடுத்தது, சாய்தளம் தரையைத் தொடும் கீழ்முனை. பல இடங்களில் ஓர் அங்குல உயரத்துக்கு விளிம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. சக்கர நாற்காலியில் வேகமாக வந்து மோதினால் குழந்தை முன்பக்கமாகத் தூக்கி எறியப்படும். கீழ்முனையைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கித் தொடங்குங்கள். அதற்கு முன்னால் 5 அடிச் சமதளமும் கான்கிரீட்தான்; மணல் கூடாது. ஏற்றத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மஞ்சள் நிறத்தில், புள்ளிகள் புடைத்த எச்சரிக்கைக் கல் ஒரு வரிசை பதித்தால், பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் காலடியிலேயே செய்தி தெரிந்துவிடும்.

ஒரு பக்கம்தான் சுவர் இருக்கிறதே, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி எதற்கு? செலவு இரட்டிப்பாகிறது.
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருச்சி மாவட்டம்

உடலின் வலப்பக்கம் மட்டும் செயலிழந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அவன் இடக்கையால்தான் பிடிக்க முடியும். ஏறும்போது இடப்பக்கம் இருக்கிற கம்பி, இறங்கும்போது அவனுக்கு வலப்பக்கம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் கம்பி போட்டால், காலையில் வகுப்புக்கு ஏறிய பிள்ளை மாலையில் இறங்க முடியாமல் நிற்பான்.

கம்பி இரண்டு வரிசை வேண்டும்: 900 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்று, 760 மில்லிமீட்டரில் ஒன்று. தொடக்கப் பள்ளி என்றால் கீழ்க் கம்பியை இரண்டேகால் அடி வரை இறக்கலாம். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி இருக்கட்டும். விரல் முட்டி உரசக் கூடாது. கடையில் ஒன்றேகால் அங்குல ஜிஐ குழாய் என்று கேட்டு வாங்கினால் வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர் வரும். பிடிக்க அது சரியான பருமன். சாய்தளம் முடிந்த பிறகும் ஓர் அடி நீண்டு, முனை வளைந்து முடிய வேண்டும்.

என் மகன் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். தசைச்சிதைவு நோய். மூன்றாம் வகுப்பு வரை நடந்தான், இப்போது சக்கர நாற்காலி. எட்டாம் வகுப்பு முதல் மாடியில் இருக்கிறது. "ஆயாக்கள் இருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போய் விடுவார்கள், கவலைப்படாதீர்கள்" என்கிறது நிர்வாகம். நான் அதிகம் கேட்கிறேனா?
— ஒரு தந்தை

நீங்கள் அதிகம் கேட்கவில்லை. உங்கள் மகனுக்குச் சட்டப்படி உரியதில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறீர்கள்.

தூக்குவதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். இந்த நோயில் தோள் தசைகள் பலவீனமாக இருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் பிடிமானம் இல்லாமல் மேலே நழுவி, உடல் கீழே வழுகும். இயன்முறை மருத்துவர்கள் இதைப் பெற்றோருக்குச் சொல்லித் தருவார்கள். படிக்கட்டில், சேலை கட்டிய ஒரு ஆயா, ஆண்டுக்கு ஆண்டு எடை கூடுகிற பையனைத் தினமும் தூக்குவது அவனுக்கும் ஆபத்து, அந்த அம்மாவின் இடுப்புக்கும் ஆபத்து. அதோடு, பதின்மூன்று வயதுப் பையனை நண்பர்கள் பார்க்க இன்னொருவர் அள்ளி எடுத்துப் போவது அவனுக்கு எப்படி இருக்கும் என்று நிர்வாகத்தில் யாராவது அவனிடம் கேட்டார்களா?

மாடிக்குச் சாய்தளம் கட்டச் சொல்லலாமா என்றால், 11 அடி உயரத்துக்கு 132 அடி ஏற்றம் வேண்டும். 750 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஓய்வுத் தளம் என்று சேர்த்தால் ஏறக்குறைய 160 அடி. பெரிய வளாகமாக இருந்தால் முடியும். லிப்ட் வைக்க வசதியுள்ள பள்ளி லிப்ட் வைக்கட்டும். ஆனால் தீ விபத்து என்றால் லிப்டை நம்பக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். மாடியில் இருக்கும் நகர முடியாத பிள்ளையை யார், எந்த வழியாக, எதில் வைத்து இறக்குவார்கள் என்பதைப் பள்ளி எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய வழிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. எட்டாம் வகுப்பின் ஒரு பிரிவைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, கீழே இருக்கும் ஒரு வகுப்பை மேலே அனுப்பட்டும். அவன் ஒன்பது, பத்து போகும்போதும் இதையே செய்யட்டும். அவனைத் தனியே ஓர் அறையில் உட்காரவைப்பது இதற்கு மாற்றாகாது. அவன் பிரிவு முழுவதும் கீழே வர வேண்டும். ஆய்வகமும் கணினி அறையும் நூலகமும் மாடியில் இருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள். அறிவியல் செய்முறையின்போது அவனைக் கீழே உட்காரவைத்துவிட்டு "குறிப்பைப் பார்த்து எழுதிக்கொள்" என்று சொல்வதை நான் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

மறுத்தால் இதைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறையில் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும்; கட்டடமும் வளாகமும் எல்லாக் குழந்தைகளும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. கல்வி நிலையம் நடக்கிற தனியார் கட்டடமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களைத் திருத்த, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டு அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. அணுகல் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ராத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் அவற்றைப் பற்றிய 15(1) விதியைச் செல்லாதது ஆக்கியது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அதே நகலை இணைத்து மனு அனுப்புங்கள். விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. கல்வியாண்டு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்; ஜூன் மாதத்தில் வகுப்பறைகள் நிரம்பிய பிறகு யாரும் நகர மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் நல்ல சாய்தளம் இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. வந்தாலும் மதிய உணவு சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?
— ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்

நீங்கள் பார்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. அவள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் கழிப்பறைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். போக முடியாத இடத்துக்குப் போக நேர்ந்துவிடக் கூடாது என்று அந்தக் குழந்தை காலையிலிருந்தே தன்னைக் கட்டிவைத்திருக்கிறாள். தினமும் இப்படி இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சல் வரும், வராத நாள்கள் கூடும். சில ஆண்டுகளில் மாதவிடாயும் தொடங்கும். அப்போது பள்ளியைவிட்டே நின்றுவிடுவாள்.

ஆண்டுதோறும் பள்ளிகள் நிரப்பும் தகவல் படிவத்தில் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா என்று கேட்கிறார்கள். "உண்டு" என்று எழுதியதும் வேலை முடிந்ததாக எல்லோரும் நினைத்துவிடுகிறோம். வெளிக் கதவிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சாப்பிடும் இடம் என்று அந்தக் குழந்தை ஒரு நாளில் போக வேண்டிய வழி முழுவதையும் பார்க்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் சாய்தளத்தால் பயனில்லை.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அவளோடு பக்கத்தில் நடந்து போங்கள். பெரிய கதவைப் பூட்டிவிட்டுத் திட்டிவாசலை மட்டும் திறந்துவைத்திருப்பார்கள். அதன் அடியில் ஒரு இரும்புப் பட்டை குறுக்கே நிற்கும். உங்கள் பகுதி மணல் தரை. சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே சக்கரம் புதையும். அங்கே 4 அடி அகலத்துக்குப் பேவர் கல் பதித்தால் போதும். கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். இரண்டரை அடி பிளாஸ்டிக் கதவு போட்டிருந்தால் சட்டம் போக மிஞ்சுவது 2 அடியைத் தாண்டாது. நாற்காலி உள்ளே போகாது.

அவளுக்கு வேண்டியது இது: 3 அடி தடையில்லாமல் திறக்கிற, வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கமாகத் திறக்கும் கதவை அவள் உடலே அடைத்துக்கொள்ளும், அதனால்தான் வெளிப்பக்கம். அறை ஏறக்குறைய ஆறரை அடிக்கு ஏழேகால் அடி; உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக இருக்க வேண்டும். மேற்கத்தியக் கோப்பையின் இருக்கை, நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு, அதாவது 450 முதல் 480 மில்லிமீட்டர். கோப்பைக்கு ஒரு பக்கம் 3 அடி இடம் விட்டால்தான் நாற்காலியை ஒட்டி நிறுத்தி மாறி உட்கார முடியும். இரண்டு பக்கமும் பிடிகம்பி. சுவரில் நன்றாகத் துளையிட்டு, அவள் முழு எடையையும் தாங்கும்படி பொருத்தியது. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் உயரத்தில் தண்ணீர். விரல்கள் சரியாக மடங்காத கைக்கும் தள்ளக்கூடிய பெரிய தாழ்ப்பாள்.

இப்படி ஒரு கழிப்பறை உங்கள் பள்ளியிலேயே ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. உடைந்த பெஞ்சும் துடைப்பமும் பினாயிலும் வைத்துப் பூட்டிய அறையைத் திறந்து பாருங்கள். சாவி தலைமையாசிரியர் மேசையில் இருந்தால் அது கழிப்பறை ஆகாது. அது குழந்தை போக முடிகிற இடத்தில் திறந்திருக்க வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். சாய்தளம் எங்கள் பள்ளியின் பின்பக்கம், சத்துணவுக் கூடத்தை ஒட்டி இருக்கிறது. நண்பர்கள் முன்வாசலில் போகிறார்கள். நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் முதல் பாடம் தொடங்கிவிடுகிறது. பரிசளிப்பு விழாவிலும் மேடையில் ஏற முடியாது, கீழே கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைக் குறையாகச் சொல்லலாமா?
— ஒரு மாணவர், திருநெல்வேலி மாவட்டம்

சொல்லலாம் தம்பி, சொல்ல வேண்டும். எல்லோரும் நுழைகிற வாசலிலேயே நீயும் நுழைய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பில் முதல் விதி. பின்பக்கம் சாய்தளம் போட்டவர் இடத்தைப் பார்த்தார், உன்னைப் பார்க்கவில்லை.

உன் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுது. முன்வாசலில் எத்தனை படிகள், ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று நண்பனை அளக்கச் சொல்லி அதில் எழுது. மொத்த அங்குலத்தை அடியாக்கி 12ஆல் பெருக்கினால் வேண்டிய நீளம் வந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உன் அம்மாவோ அப்பாவோ போய் அந்தக் கடிதத்தைப் படிக்கட்டும். கணக்கோடு வருகிற கோரிக்கையைத் தள்ளிப்போடுவது கடினம்.

மேடை விஷயத்தை உன் ஆசிரியர்களுக்கே சொல்கிறேன். 3 அடி மேடைக்கு 36 அடிச் சாய்தளம் வேண்டும். இடம் இருந்தால் பக்கவாட்டில் போடுங்கள். அதுவரை பரிசளிப்பை மேடைக்கு முன்னால் தரையில் நடத்துங்கள், எல்லா மாணவருக்கும். விருந்தினர் இறங்கி வந்து நிற்கட்டும்.

உன் விடுமுறையில் முடிந்தால் ஆய்க்குடிக்குப் போய் அமர் சேவா சங்கத்தின் வளாகத்தைப் பார்த்துவிட்டு வா. பக்கத்து மாவட்டம்தான். 1981இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அங்கே பள்ளியும் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரே முன்நின்று உருவாக்கிய ஓர் இடம் எப்படி இருக்கும் என்று உன் கண்ணாலேயே பார்.

தேர்தல் சமயத்தில் எங்கள் பள்ளி வாக்குச்சாவடி ஆனபோது பலகையில் தற்காலிகச் சாய்தளம் போட்டார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், விழுப்புரம்

6 அங்குலப் படி ஒன்று, அதற்கு 6 அடிப் பலகை என்றால், ஒப்புக்கொள்ளலாம். நடுவில் தாங்குகட்டை இருக்க வேண்டும், இரண்டு முனையும் நகராதபடி பொருத்தியிருக்க வேண்டும். 2 அடி உயரத்துக்குச் சாத்திவைத்த பலகை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். மரம் நம் வெயிலிலும் மழையிலும் தொடர்ந்து பராமரிப்புக் கேட்கும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, சீர்செய்ய வேண்டியதாயிற்று.

வாக்காளருக்குச் சாய்தளம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்கும்போது அதே கட்டடத்தில் நிரந்தரமாகவே கட்டித் தரும்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வாக்காளர் வருவது ஒரு நாள். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வாசலுக்கு ஆண்டில் 220 நாள் வர வேண்டும்.

எங்கள் ஊரில் புதிதாக நான்கு வகுப்பறைகள் கட்டப்போகிறார்கள். சாய்தளத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.
— ஊராட்சி மன்ற உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

பிறகு என்பது வராது. வரைபடத்திலேயே இருக்கட்டும். வெள்ளம் வராத இடம் என்றால் அடித்தள உயரத்தை ஒன்றரை அடிக்குக் குறைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். வெளிக் கதவிலிருந்து வகுப்பறை வரையுள்ள நடைபாதையையே 20 அடிக்கு ஓர் அடி என்று மெல்ல உயர்த்திக் கொண்டுவந்தால், தனியாகச் சாய்தளமே தேவைப்படாது. சைக்கிளும் சத்துணவு மூட்டையும்கூட அதே வழியில் வரும். வகுப்பறைக் கதவு மூன்றரை அடி, அடியில் நிலைச்சட்டம் இல்லாமல். வராந்தாத் தூண்களுக்கு நடுவே 4 அடிக்குக் குறையாத வழி. கரும்பலகையின் கீழ்விளிம்பு, தண்ணீர்க் குழாய், சுவிட்ச் ஆகிய மூன்றும் உட்கார்ந்த கைக்கு எட்டட்டும்.

வரைபடம் கையொப்பமாவதற்கு முன் ஒரு நகலை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அளவுகளைப் பார்த்துக் குறித்து அனுப்புகிறேன்.